அழுத்தம்னா அவங்கதான்

என்னைத் தராசு என்று கூப்பிடுவார்கள். நேரில் இல்லை, முதுகுக்குப் பின்னால். இந்த மருத்துவமனையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்து உள்ளே வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அவரை எடைபோட்டுவிடுவேன் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பது வேறு விஷயம். பட்டப்பெயர் காதில் விழுந்த அன்று கோபப்படுகிற மாதிரி நடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், கடைத் தராசையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்த்து முத்திரை குத்துவார்களே, உன்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று கேட்டார். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் கிருமிநீக்கப் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் எடுக்க வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, பெரிய இரும்பு மெஷினுக்குள் அடுக்கி, நீராவியில் வேகவைத்து எடுக்கிற இடம் அது. பொட்டலத்தின் மேல் ஒரு நாடா ஒட்டியிருக்கும். உள்ளே சரியாக வெந்தால் நாடாவில் உள்ள வெளிர் கோடுகள் கறுப்பாகிவிடும். மூன்று வாரமாகச் சில பொட்டலங்களில் கோடு சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டது. மெஷின் கம்பெனி ஆள் வந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினைச் சுற்றி வந்து பார்த்து, மெஷின் நன்றாக இருக்கிறது, நாடாதான் மட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. கேட்க ஆள் இல்லை.

கம்பெனி ஆளை நம்பாதவர் ஒருவர்தான், ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். அவரை எண்ணல் சிஸ்டர் என்போம். வயிற்றைத் தைப்பதற்கு முன்னால், உள்ளே போன பஞ்சுத் துணி எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணுவது அவர் பொறுப்பு. எண்ணி எண்ணி அதுவே பழக்கமாகிவிட்டது. மாடிப்படியை எண்ணுவார். கூட்டத்தில் பெரிய டாக்டர் எத்தனை தடவை 'அதாவது' சொன்னார் என்று எண்ணி என்னிடம் வந்து சொல்வார். சாம்பல் கோடு வந்த பொட்டலங்களை அவர் ஒன்று விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நேர்காணலில் என் பக்கத்தில் உட்கார வேண்டியவரும் அவர்தான்.

எனக்கென்று ஒரு முறை உண்டு. நேர்காணலுக்கு முந்தின நாள், வருகிறவர் வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட்டு விசாரிப்பேன். கேட்டதையெல்லாம் பிழிந்து ஒரே ஒரு சொல்லாக்கி, விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன். ஆளுக்கு ஒரு சொல் போதும், அதற்கு மேல் எழுதினால் குழப்பம் என்பது என் கொள்கை.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் கண் டாக்டருக்குத் தெரிந்தவர். டாக்டரே கூப்பிட்டு, தங்கமான மனுஷன் என்றார். ஓரத்தில் 'தங்கம்' என்று எழுதினேன். இன்னொருத்தி வேறொரு மருத்துவமனையில் இதே பிரிவில் பதினொரு வருஷம் இருந்தவள். எட்டு மாதமாக வேலை இல்லை. அங்கே போன் போட்டபோது மெஷின் ஓட்டும் உதவியாளர் ஒருவர் எடுத்தார். பின்னால் என்னவோ புஸ் என்று சீறிக்கொண்டிருந்தது. அவளைப் பற்றிக் கேட்டதும் குரலை உயர்த்திச் சொன்னார்.

"அழுத்தம்னா அவங்கதான் மேடம். அந்த விஷயத்துல அவங்ககிட்ட ஒருத்தரும் நெருங்க முடியாது."

மேலே கேட்பதற்குள் லைன் போய்விட்டது. எனக்கு இது போதும் என்று தோன்றியது. அழுத்தம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. மனசில் இருப்பதைக் கடைசிவரை வெளியே விடாத ஆள், கல்லுளிமங்கி, கேட்டால் மென்று முழுங்குகிற ரகம். கூட வேலை பார்த்தவரே இப்படிச் சொல்கிறார் என்றால் பாவம், என்ன பாடு பட்டிருப்பார்! 'அழுத்தம்' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

மறுநாள் தங்கம் முதலில் வந்தார். நாற்பது வயது இருக்கும், பளிச்சென்ற சட்டை, சிரித்த முகம். எண்ணல் சிஸ்டர் ஆபரேஷன் முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்து உட்கார்ந்தார். விண்ணப்பத்தைப் புரட்டக்கூட அவருக்கு நேரமில்லை, ஆளைத்தான் பார்த்தார். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்டதும் தங்கம் கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்தார். பிறகு, இன்னும் பெரிய பொறுப்பு தேடி வந்ததாகச் சொன்னார். படபடவென்று கொட்டாமல் எவ்வளவு அழகாக யோசித்துப் பேசுகிறார் என்று நினைத்து, குறிப்பிலும் எழுதிக்கொண்டேன். போகும்போது நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். அதற்கும் மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டேன்.

அடுத்து அவள் வந்தாள். முப்பத்தைந்து வயது சொல்லலாம். கையில் ஒரு பழைய பை, அதை மடியில் வைத்துக்கொண்டாள். பையைக் கீழே வைக்காததே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சிரிக்கவில்லை. என் கையிலிருந்த காகிதத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்வையிலேயே திமிர் என்று எடுத்துக்கொண்டேன். வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்து யோசித்தாள்.

"அதைச் சொல்ல வேண்டாம்னு பாக்கறேன் மேடம். என் வேலையில தப்பு இல்ல. அது மட்டும் நிச்சயமாச் சொல்வேன்."

பார்த்தாயா, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று எனக்குள் ஒரு குரல் கொக்கரித்தது. எதையோ மறைக்கிறாள் என்று எழுதிக்கொண்டேன்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். முடிவு எப்போது தெரியும் என்று கேட்டாள். வந்த மற்ற இடங்களெல்லாம் கைவிட்டுப் போய்விட்டன, இதுதான் கடைசி. இதுவும் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் வீட்டைக் காலிசெய்துவிட்டு வேறு ஊரில் அக்கா வீட்டோடு போய் இருக்க வேண்டும், மகள் எட்டாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடம் மாற வேண்டும், பெட்டி கட்டலாமா வேண்டாமா என்று தெரிந்தால் நல்லது என்று நிதானமாகச் சொன்னாள். ஒரு துளி கண்ணீர் இல்லை. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நமக்கே அழுத்தம் கொடுக்கிறாளே என்றுதான் தோன்றியது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

நாலு மணிக்குள் முடிவை மேலே அனுப்ப வேண்டும். தங்கத்தின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. என் குறிப்புத் தாள்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"அக்கா, இவரு யோசிச்சது பதினொரு செகண்டு. அவங்க யோசிச்சது ஒன்பது. நான் எண்ணினேன்," என்றார். "பதினொண்ணுக்கு 'யோசித்துப் பேசுகிறார்'. ஒன்பதுக்கு 'மறைக்கிறாள்'. இவருக்கு ஆர், அவங்களுக்கு ஆளா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுத்தில் ஆண், பெண் பார்க்கிறவள் இல்லை நான். வருகிற எல்லாருக்கும் மரியாதை விகுதிதான் போடுவேன், அது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தாளைத் திருப்பிப் பார்த்தேன். வரிக்கு வரி வந்தாள், சொன்னாள், பார்த்தாள். இந்தக் கதையையே நீங்கள் அப்படித்தான் இதுவரை கேட்டுக்கொண்டு வந்தீர்கள். கை அதுபாட்டுக்கு எழுதியிருக்கிறது.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சிஸ்டர், எனக்கும் காரணம் இருக்கிறது, சும்மா சொல்லவில்லை என்று விண்ணப்பத்தின் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தைக் காட்டினேன். கூட வேலை பார்த்தவரே சொன்னது என்றேன். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆமா, அழுத்தம். அதுக்குத்தானே அக்கா ஆள் எடுக்கிறோம்?"

எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் விளக்கினார். மருத்துவமனையில் பிரஷர் என்றால் நோயாளியின் ரத்தக்கொதிப்பு. ஒரு காலத்தில் கிருமிநீக்கப் பிரிவில் யாரோ "பிரஷர் ஏறிடுச்சு, பிரஷர் ஏறிடுச்சு" என்று மெஷினைப் பார்த்துக் கத்த, பக்கத்து வார்டு நர்ஸ் கையில் பட்டைக் கருவியோடு ஓடிவந்து யாருக்கு, யாருக்கு என்று தேடினாராம். அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மெஷினில் ஏறும் நீராவிக்கு அழுத்தம் என்றே சொல்வார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இதுதான் பேச்சு. மாடியில் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் தெரியாது.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நம்பிக்கையில், அப்படி இருக்காது, அவர் சொன்ன தொனியே வேறு என்று முனகினேன். சிஸ்டர் போனை என் பக்கம் தள்ளினார்.

அதே ஆள்தான் எடுத்தார். பின்னால் அதே சீறல். ஒலிபெருக்கியில் போட்டேன். நேற்று அழுத்தம் என்றீர்களே, எந்த அழுத்தம் என்று கேட்டேன். பைத்தியமா இந்த அம்மாளுக்கு என்று நினைத்திருப்பார். மெஷின் அழுத்தம்தான், வேறு என்ன அழுத்தம் என்றார். மீட்டர் முள் ஒரு கோடு குறைந்தால்கூடக் கதவைத் திறக்க விடமாட்டார்கள், நின்ற இடத்திலிருந்தே சத்தத்தை வைத்து ஆவி குறைகிறது என்று சொல்வார்கள், இந்தப் பக்கத்தில் அவர்களை மாதிரி கிடையாது என்று அடுக்கிக்கொண்டே போனார். பிறகு திடீரென்று நிறுத்தி, வேலை ஏன் போனது என்று அவர்கள் சொன்னார்களா என்று கேட்டார். சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றார்கள், அவ்வளவுதான் என்றேன்.

சீறல் மட்டும் கேட்டது. சிஸ்டரின் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"அது என்னாலதான் மேடம்," என்றார் அவர்.

ஒரு நாள் மேலே ஆபரேஷன் தியேட்டரில் அவசரப்படுத்தினார்கள் என்று, நேரம் ஆவதற்குள் இவர் கதவைத் திறந்துவிட்டார். பொட்டலங்கள் மேலே போய்விட்டன. ஏட்டைப் பார்த்து அந்தம்மா கண்டுபிடித்து, ஓடிப்போய் அத்தனையையும் திருப்பி வாங்கியிருக்கிறார். இரண்டு ஆபரேஷன் நின்றது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்த லோடு, எத்தனை மணி, முள் எங்கே நின்றது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். யார் திறந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. என் பிரிவு, என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். யாராவது ஒருவரை அனுப்பியாக வேண்டும் என்று நிர்வாகத்துக்கு இருந்தது. அவரை அனுப்பினார்கள்.

தனக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, அதனால்தான் அந்தம்மா வாயைத் திறக்கவில்லை என்றார். பிராயச்சித்தமாக, யார் போன் பண்ணி விசாரித்தாலும் அவரைப் பற்றி இருக்கிறதிலேயே பெரிய வார்த்தையாகச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

"இதுவரைக்கும் நாலு ஆஸ்பத்திரியிலேருந்து கேட்டாங்க மேடம். நாலு பேர்கிட்டயும் அழுத்தம்னா அவங்கதான்னு அடிச்சுச் சொன்னேன். ஏன்னு தெரியல, ஒருத்தரும் கூப்பிடல."

நானும் சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏன் என்று எனக்குத் தெரியும். நாலு மாடியில் நாலு தராசுகள் உட்கார்ந்து, பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் சொன்னேன். இனி விசாரித்தால் மெஷின் என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர், நடந்தது எல்லாவற்றையும் தன் கைப்பட எழுதி இரண்டு நிர்வாகத்துக்கும் அனுப்புவதாகச் சொல்லி வைத்தார். மறுநாளே அனுப்பினார்.

நான் முடிவுத் தாளைக் கிழித்தேன். அந்தப் பெண்மணியின் பெயரை எழுதப் போனபோது சிஸ்டர் என் கையைப் பிடித்தார். எனக்குப் புரிந்தது. ஒரு மணி நேரத்தில் கல்லுளிமங்கி தெய்வமாகியிருந்தார். இப்போது அவர் இருமினால்கூட எனக்கு உத்தமமாகத் தெரியும். இந்த எடையும் முந்தின எடையைவிட உசத்தி ஒன்றும் இல்லை. நாளைக்கு இரண்டு பேரையும் மெஷினுக்கு முன்னால் நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவானது. மேலே ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

காலையில் மெஷின் ஓடவில்லை, கதவு விரியத் திறந்திருந்தது. தங்கத்தை முதலில் அழைத்துப்போனோம். இதை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டோம். அருமையான மெஷின் என்றார், ஒழுங்கு, சுத்தம், குழு மனப்பான்மை பற்றி நன்றாகவே பேசினார். கெட்டவர் இல்லை, பொய்யும் சொல்லவில்லை. பேசின நேரம் முழுக்க எங்களைப் பார்த்துத்தான் பேசினார், மெஷினை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். சிஸ்டர் எண்ணியிருந்தார்.

பிறகு அவர் வந்தார். பையை இந்தத் தடவை கீழே வைத்தார், வைத்துவிட்டு எங்களை மறந்துபோனார். கதவின் ரப்பரை விரலால் தடவினார். வடிகுழாயின் சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் மெஷினின் நெற்றியில் இருந்த வட்ட மீட்டருக்கு முன்னால் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். நேற்றாக இருந்தால் இதற்கும் நான் ஒரு பெயர் வைத்திருப்பேன்.

"கதவு திறந்திருக்கு. உள்ள ஆவியே இல்ல," என்றார். "முள்ளு சைபர்ல நிக்கணும். இது மூணுல நிக்குது மேடம்."

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தினம் நாலு பேர் பார்க்கிற முள் அது.

"அப்ப முப்பதுன்னு காட்டும்போது உள்ள இருபத்தேழுதான் இருக்கும். பாதி வெந்தும் வேகாமலும் வரும். நாடாவுல கோடு சாம்பலா நிக்குமே, நிக்குதா?" என்று கேட்டார். சிஸ்டர் தலையாட்டினார். "ஓடும்போது பாத்தா சரியாத்தான் இருக்கும். எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்துட்டுத்தான் எங்க போய் நிக்குதுன்னு பாக்கணும்."

அவர் மீட்டரைப் பற்றித்தான் சொன்னார். எனக்குக் காது மடல் சுட்டது. முத்திரை குத்தக் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று கேட்ட மனுஷன் நினைவுக்கு வந்தார். வீட்டுக்குப் போய் இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு பக்கம் ஓடியது.

மீட்டரை மாற்றும்வரை மெஷினை ஓட்டக் கூடாது என்று சிஸ்டர் அங்கேயே ஒரு அட்டை எழுதி மாட்டினார். அன்றைய ஆபரேஷனுக்கு வேண்டியதைப் பக்கத்தில் இருந்த சின்ன மெஷினில் வேகவைக்க ஏற்பாடு செய்தார். நான் அந்தப் பெண்மணியிடம், வேலை உங்களுக்குத்தான், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். அவர் முகம் அப்போதுதான் இளகியது.

"கிடைக்கும்னு ஒரு தைரியம் இருந்துச்சு மேடம்," என்றார். "நேத்து உங்க கையில இருந்த தாளைத் தலைகீழாப் படிச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க. என் பேருக்குப் பக்கத்துல 'அழுத்தம்'னு எழுதி, அடியில கோடு வேற போட்டிருந்தீங்க. மத்த இடத்துல எல்லாம் மேஜைக்குப் பின்னால இருக்கிறவங்களுக்கு இந்த வேலையப் பத்தி ஒண்ணும் தெரியாது. இவங்க தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன். அதான் பயமில்லாம உக்காந்திருந்தேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. திமிர் என்று நான் எடுத்துக்கொண்ட அதே நிமிஷம். சும்மா சிரித்துவைத்திருக்கலாம், நல்ல பேரோடு போயிருக்கும். என்னால் முடியவில்லை.

"நான் அதைப் பாராட்டா எழுதலம்மா," என்றேன். "அழுத்தமான ஆள், எதையும் வெளிய விடமாட்டாங்கன்னு எழுதினேன். உங்களுக்கு வேலை இல்லன்னு கையெழுத்தே போட்டுட்டேன்."

அவர் தலையைக் குனிந்து யோசித்தார். பக்கத்தில் சிஸ்டரின் உதடு அசைய ஆரம்பித்தது. நான் சிஸ்டரின் கையை அழுத்திப் பிடித்தேன், எண்ணாதே என்று.

"ரெண்டும் உண்மைதானே மேடம்," என்றார் கடைசியில், சிரித்துக்கொண்டே. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு, ஒரு போன் பண்ணிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். பையிலிருந்து போனை எடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளிடம்தான் பேசினார். சுற்றி வளைக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை, ஒரே வரி.

"கட்டின பெட்டியைப் பிரிச்சிடும்மா," என்றார்.